சந்தனம் பூசிய முதுகு

மாடி ஏறினால் கால் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொள்வார்கள். ஏறாவிட்டால் ஆள் வரவில்லை என்று எழுதிக்கொள்வார்கள். இரண்டில் எது தனக்கு நல்லது என்று தெரியாமல் மணவாளன் முதல் படியில் உட்கார்ந்திருந்தார்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளை ஆபீஸ் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருந்தது. லிஃப்ட் கிடையாது. படிகள் செங்குத்து. ஒருவர் ஏறினால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். 'விபத்து மற்றும் ஊனப் பிரிவு மேலே' என்று அம்புக்குறி போட்ட பலகை மட்டும் கீழேயே தொங்கியது.

புஷ்பலதா மூச்சு வாங்க இறங்கி வந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"ஆளு வரணுமாம். ஆளைப் பாக்காம பேச மாட்டாராம்."

"கால் மடங்காதுன்னு சொன்னியா?"

"சொன்னேன். அதைத்தான் பாக்கணுமாம்."

"அப்ப அவரு கீழ வந்து பாக்கலாமே?"

"அதையும் கேட்டேன். ஆபீசர் எறங்கி வர்றதுக்கு ரூல் இல்லையாம்."

மணவாளன் தலையாட்டினார். ரூல் இல்லை என்றால் அவர் அதற்கு மேல் கேட்க மாட்டார். அவர் சுபாவம் அது. இரண்டு விசைத்தறி வைத்து, அந்தச் சத்தத்திலேயே வாழ்க்கையை ஓட்டியவர். அடுத்தவர் பேசுவது பாதிதான் காதில் விழும். மீதிப் பாதியும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

போன வருஷம் பாவு நூல் சுற்றிய இரும்பு உருளையை இறக்கும்போது அது நழுவி இடது முட்டியின் மேல் உருண்டது. அன்றிலிருந்து அந்தக் கால் மடங்கவில்லை. ஆபரேஷன் செய்தால் மடக்கி நீட்டலாம், தை மாதத்துக்குமேல் தள்ளிப்போட்டால் அப்படியே இறுகிவிடும் என்று சென்னை டாக்டர் சொல்லிவிட்டார். காப்பீட்டுப் பணம் வந்தால் ஆபரேஷன். வராவிட்டால் தறியை விற்றுவிட்டு, குச்சி மாதிரி நீட்டிய காலோடு வாசலில் உட்கார வேண்டியதுதான். அரக்கோணத்தில் இருக்கும் கம்பெனியின் சொந்த டாக்டரே முட்டியைத் தட்டிப் பார்த்து 'நிரந்தர ஊனம்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். கம்பெனிதான் தன் டாக்டரை நம்பவில்லை. 'நிராகரிக்கப்படுகிறது' என்று பதில் வந்திருந்தது. இப்போது புரட்டாசி நடந்துகொண்டிருந்தது.

மணவாளன் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை மேலே வைத்து, கெட்ட காலை அதன் பின்னால் இழுத்து, ஒரு வழியாக மேலே போய்ச் சேர்ந்தார். சட்டை நனைந்துவிட்டது. மேல்படியில் ஆபீசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"பரவாயில்லையே. நல்லாத்தான ஏறுறீங்க," என்றார்.

ஆபீசர் பெயர் சடகோபன். சோடா புட்டிக் கண்ணாடி. நாற்காலியில் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. அறை முழுவதும் தைல வாசனை. தலைமுடி குத்திட்டு, பிரஷ் மாதிரி நின்றது. அதைப் பார்த்து மணவாளனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் தலையும் அப்படித்தான் இருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு முருகனுக்குக் கொடுத்த முடி புரட்டாசியில் அந்த அளவுக்குத்தான் வளர்ந்திருக்கும். அந்த மாதத்தில் ஊரில் பாதித் தலைகள் அப்படித்தான்.

சடகோபன் ஃபைலிலிருந்து ஒரு பெரிய போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது யாருங்க?"

மலைப்படியில் காவடி எடுத்துப் போகும் ஒரு ஆளைப் பின்னாலிருந்து எடுத்திருந்தார்கள். மொட்டைத் தலை. மஞ்சள் வேட்டி. தலையிலிருந்து இடுப்பு வரை சந்தனம். வலது தோள்பட்டைக்குக் கீழே சதுரமாக ஒரு வலி பிளாஸ்திரி, கோணலாக. காவடியின் குறுக்குக் கட்டையில் ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தது. அதில் மையால் எழுதிய எழுத்து தெளிவாகத் தெரிந்தது: 'மணவாளன். அசுவினி. காலுக்காக.'

"இது எங்க காவடி," என்றாள் புஷ்பலதா.

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் சடகோபன். "ஆடிக் கிருத்திகைக்கு எங்க கம்பெனி ஒரு ஆளை மலையில நிறுத்தும். ஊனம்னு எழுதிக் குடுத்தவங்க எத்தனை பேரு ஏறுறாங்கன்னு பாக்க. உங்க பேரு, உங்க நட்சத்திரம், காலுக்காகன்னு காரணம் வேற. இதுக்கு மேல ஒரு கம்பெனி இன்னா பண்ணணும்?"

"சார், அது நான் இல்ல," என்றார் மணவாளன். "என் பேருல என் மச்சான் எடுத்தான்."

அவர்கள் வீட்டு வழக்கம் அது. வேண்டிக்கொண்டவரால் ஏற முடியாவிட்டால் மைத்துனன் தோள் கொடுக்க வேண்டும். பலன் மாறிப் போய்விடாமல் இருக்க, யாருக்காக என்று துணியில் எழுதிக் காவடியில் கட்டிவிடுவார்கள். அன்று மணவாளன் அடிவாரத்தில் மொட்டை போட்டுக்கொண்டு மோர்ப் பந்தலில் உட்கார்ந்திருந்தார். புஷ்பலதா பஸ்ஸில் மேலே போய் அர்ச்சனை வரிசையில் நின்றாள். காவடி அவள் தம்பி நாகராஜனோடு போனது.

சடகோபன் இதைப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் போட்டோவை விரலால் தட்டினார்.

"இந்த நடையைப் பாருங்க. தோள் நிமிர்ந்து, இடுப்பு வளையாம, இன்னா கம்பீரம். இவருக்கு ஊனம்னு பணம் குடுத்தா என்னைப் பாத்துல்ல ஊரு சிரிக்கும். எனக்கு இப்படி ஒரு முதுகு இருந்தா இந்தத் தலகாணி எதுக்குங்க?"

"எனக்கு நோவு முட்டியில சார். முதுகுல எதுக்கு நான் பிளாஸ்திரி போடப் போறேன்?"

"அதை நீங்கதான் சொல்லணும். நோவு இருக்குதுன்னு எங்களுக்கு எழுதிக் குடுத்தது நீங்க. போட்டோவுல நோவுக்குப் பிளாஸ்திரி போட்டிருக்குது. பொருந்திப் போவுதா இல்லையா?"

மணவாளன் யோசித்துப் பார்த்தார். கொஞ்சம் பொருந்திப் போகிற மாதிரிதான் அவருக்கும் இருந்தது.

புஷ்பலதா போட்டோவைப் பிடுங்கிப் பார்த்தாள். "சார், இவரு கூட இத்தனை வருஷம் குடும்பம் நடத்துறேன். இவரு முதுகு எனக்குத் தெரியாதா? இது இவரு முதுகு இல்ல."

"பொண்டாட்டி சொல்றது சாட்சி ஆகாதும்மா," என்றார் சடகோபன். "எந்தப் பொண்டாட்டியும் புருஷனுக்கு எதிரா சொல்ல மாட்டா. கம்பெனி அனுபவத்துல சொல்றேன்."

---

நாகராஜன் கே.ஜி.கண்டிகையில் ஆட்டோ ஓட்டினான். அவனை அழைத்து வந்து 'நான்தான் எடுத்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல வைத்தால் முடிந்தது என்று புஷ்பலதா நினைத்தாள். அவன் ஆட்டோ ஸ்டாண்டில் இட்லி தின்றுகொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, வேற யாரையாவது சொல்லலாமே."

"வேற யாரடா சொல்றது? காவடி எடுத்தது நீ."

"எடுத்தது நான்தான். ஆனா சொல்றதுதான்..." அவன் மணவாளனைப் பார்த்தான். "பாவா, ஆட்டோ கவுந்து எனக்கு இடுப்பு புடிச்சிகிச்சில்ல, அதுக்கு நானும் அதே கம்பெனியிலதான் எழுதிப் போட்டிருக்கேன்."

"இன்னான்னு எழுதியிருக்க?"

"பாரம் தூக்க முடியாதுன்னு."

குடும்பம் முழுவதற்கும் ஒரே ஏஜெண்டுதான் பாலிசி போட்டுக் கொடுத்திருந்தார்.

"பாவாவுக்குக் கால் போயிடும்டா," என்றாள் புஷ்பலதா. "நாளைக்கு என் மூஞ்சியில முழிப்பியா?"

நாகராஜன் இட்லியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "சரி, வர்றேன்," என்றான்.

மறுநாள் வந்தான். அதற்காக அன்றைய சவாரியைக் கூட விட்டுவிட்டான். மாடிப்படியில் மணவாளனை முக்கால்வாசி அவன்தான் தாங்கி ஏற்றினான். எல்லாம் சரியாகத்தான் போனது. அறைக்குள் நுழைந்ததும் சடகோபன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நீங்க கே.ஜி.கண்டிகை நாகராஜன் இல்ல? ஆட்டோ. இடுப்பு."

"ஆங். ஆமா சார்."

"பாரம் தூக்க முடியாத ஆளு."

"ஒரு கொடம் தண்ணி கூட தூக்க மாட்டேன் சார்."

"இங்க இன்னா வேலையா வந்தீங்க?"

புஷ்பலதா அவன் முழங்கையைக் கிள்ளினாள். "சொல்லுடா."

"பாவாவுக்குத் தொணைக்கு வந்தேன் சார்."

"இந்தக் காவடியை எடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியும்னு சொல்றாங்க."

நாகராஜன் போட்டோவைப் பார்த்தான். அவன் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. திரும்பவும் குனிந்து பார்த்தான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:

"பாவாதான் சார் எடுத்தாரு. கண்ணால பாத்தேன்."

புஷ்பலதா அவன் முழங்கையை இன்னும் அழுத்திக் கிள்ளினாள்.

"பக்தி சார்," என்று நாகராஜன் சேர்த்துக்கொண்டான். "கால் இருக்குதோ இல்லியோ, பாவாவுக்குப் பக்தி ஜாஸ்தி."

சடகோபன் எழுதிக்கொண்டார். எழுதும்போது அவருக்கே கொஞ்சம் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும். மணவாளனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

இறங்கும்போது புஷ்பலதா தம்பியைத் திட்டியது பாத்திரக்கடை வரை கேட்டது. மணவாளன் திட்டவில்லை. கடைசிப் படியில் நின்று, சந்தேகம் தீராதவர் மாதிரி கேட்டார்:

"கண்ணால பாத்தியாடா?"

---

அடுத்த யோசனையும் புஷ்பலதாவுடையதுதான். 'ஒரே மாதிரி நிலைமையில எடுத்த இன்னொரு போட்டோ இருந்தா ஒப்பிட்டுப் பாக்கலாம்' என்று சடகோபன் வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அதை அவள் பிடித்துக்கொண்டாள்.

"உங்க முதுகையும் அந்த முதுகையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, கண்ணு தெரியாதவனுக்குக் கூட வித்தியாசம் தெரியும்."

"ஆபீசருக்குக் கண்ணாடி இருக்குது," என்றார் மணவாளன்.

மலை அடிவாரத்தில், படிகள் தொடங்கும் இடத்தில், தணிகைமணி என்று ஒருவர் போட்டோ எடுத்துக் கொடுப்பார். வெளியூர்க்காரர்கள் தோளில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள ஒரு காவடியும் வாடகைக்கு வைத்திருந்தார். புஷ்பலதா ஒரு கிண்ணம் சந்தனம் கரைத்துக் கொண்டுபோனாள். மெடிக்கல் ஷாப்பில் பிளாஸ்திரி வாங்கி, அதே இடத்தில், அதே கோணலில் ஒட்டினாள். ஒப்பிடுவது என்றால் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா. முடியையும் திரும்ப மழித்தாயிற்று. 'காலுக்காக' துணியையும் வீட்டிலிருந்து எடுத்து வந்து கட்டினாள்.

நாகராஜன் பாவத்துக்குப் பரிகாரமாக அவரைத் தூக்கி இரண்டாவது படியில் நிறுத்தினான். "நில்லுங்க பாவா, விட்டுடறேன்," என்று சொல்லிவிட்டு ஒதுங்கினான்.

மணவாளன் ஒற்றைக் காலில் தம் பிடித்து நின்றார். காவடி ஆடியது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அந்த அம்மாள் வந்து காலில் விழுந்து, தெலுங்கில் ஏதோ வேண்டிக்கொண்டு, விபூதிக்குக் கையை நீட்டினாள். இரண்டு கையும் காவடியில் இருந்ததால் மணவாளன் 'நல்லா இரும்மா' என்று மட்டும் சொன்னார்.

"சூப்பரா வந்திருக்குது," என்றார் தணிகைமணி. "அண்ணே, ஒரு தபா திரும்பிச் சிரிங்க."

மணவாளன் சிரித்தார். யாராவது சிரிக்கச் சொன்னால் அவர் சிரித்துவிடுவார்.

மறுநாள் சடகோபன் கவரைப் பிரித்தார். முதலில் முதுகுப் படம். அதைப் பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். மொட்டை, சந்தனம், மஞ்சள் வேட்டி, கோணல் பிளாஸ்திரி, துணி. ஒரு படத்தை இன்னொரு படத்திலிருந்து பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை.

அடுத்து சிரிக்கிற படம் கவரிலிருந்து விழுந்தது. தணிகைமணி அதை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்திருந்தார்.

சடகோபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ்வளவு நாளு எங்க கிட்ட முதுகுதான் இருந்துது," என்றார். "மூஞ்சி இல்லையேன்னு மேலிடத்துல கேட்டுகினு இருந்தாங்க. நீங்களே கொண்டாந்து குடுத்துட்டீங்க."

---

ஆபீசில் இரண்டுக்கும் நகல் கேட்டு வாங்கி வந்திருந்தார்கள். வீட்டில் ஓடாத தறியின் மேல் இரண்டு முதுகுகளையும் வைத்து மணவாளன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் எதை வைத்தோம் என்பது கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டது. இப்போது எது தன் முதுகு என்று அவருக்கே தெரியவில்லை. அவர் அதற்கு முன்னால் தன் முதுகைப் பார்த்ததே இல்லை.

புஷ்பலதா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"கேளு."

"அன்னிக்கி நான் அர்ச்சனை வரிசையில நிக்கிறப்போ, நீங்க மோர்ப் பந்தல்லதான இருந்தீங்க?"

மணவாளன் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரவில்லை. நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

"இருந்தேன்னுதான் நெனைக்கிறேன்," என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "லதா, நான் ஏறியிருந்தா நல்லாத்தான இருந்திருக்கும். ஏறலியேன்னு அன்னிக்கி அங்க உக்காந்து அழுதேன். மோர் ஊத்துற ஆளு உப்பு ஜாஸ்தியான்னு கேட்டான்."

அவள் இரண்டு போட்டோவையும் எடுத்துத் திருப்பி வைத்தாள்.

நாகராஜன் வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.

"உள்ள வாடா."

வந்தான். வந்து தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான்.

"பாவா, அந்த போட்டோவுல இருக்கிறது நீங்க இல்ல."

"அது தெரியும்டா."

"நானும் இல்ல."

புஷ்பலதா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாதி வழி மண்டபம் தாண்டினதும் இடுப்பு புடிச்சிகிச்சு அக்கா. நெசமாவே. மேலயும் போவ முடியல, கீழயும் போவ முடியல. காவடியைத் தரையில எறக்கக் கூடாது, எறக்கினா பாவாவுக்குக் கால் வராது. அழுதுகினு நின்னேன். பின்னால ஒரு சாமி வந்தாரு. வெறுங்கையோட, வேண்டுதலுக்குப் படியேறிகினு. 'இன்னா சாமி'ன்னாரு. சொன்னேன். 'எனக்கும் முதுகு சரியில்லைதான், முருகன் பாத்துப்பான், குடு'ன்னு தோள்ல வாங்கிகினாரு. பிளாஸ்திரி ஒட்டியிருந்துச்சு. அப்படியே ஏறினாரு பாவா, சன்னதி வரைக்கும். நான் பின்னாலயே கையை வீசிகினு போனேன். மேல போய் வாங்கி அக்காகிட்ட குடுத்தேன்."

"ஏண்டா அன்னிக்கே சொல்லல?"

"மைத்துனன் தோள்னு வழக்கம் இல்லையா. பலிக்காம போச்சுன்னு நீ என்னையத்தான வைவ."

"யாருடா அவரு? எந்த ஊரு?"

"யாருக்குத் தெரியும்? மொட்டை, சந்தனம். அன்னிக்கி எல்லாரும் அப்படித்தான இருந்தாங்க. கண்ணு சரியாத் தெரியாது போல. படியைக் காலால தடவித் தடவித்தான் ஏறினாரு. துணியில இன்னா எழுதியிருக்குதுன்னு கேட்டாரு. நான் அழுதுகினு இருந்ததுல சொல்லக்கூட இல்ல. நல்ல மனுசன் பாவா. ஒரு டீ கூட வாங்கிக் குடுக்காம விட்டுட்டேன்."

மணவாளன் சாய்ந்து உட்கார்ந்தார். தன் வேண்டுதலைத் தானும் செய்யவில்லை, மைத்துனனும் செய்யவில்லை. முதுகுவலிக்காரன் ஒருவன், கண் தெரியாமல், யார் எவர் என்று கேட்காமல், அவர் காலுக்காக மலை ஏறியிருக்கிறான். அவனைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவன் செய்த உபகாரத்தால்தான் கால் போகப் போகிறது என்பதும் ஞாபகம் வந்தது. இரண்டையும் சேர்த்து நினைக்க அவருக்குக் குழப்பமாக இருந்தது.

"எனக்கு இடுப்புப் பணம் வாணாம்," என்றான் நாகராஜன். "நாளைக்கு வந்து அம்புட்டையும் சொல்லிடறேன்."

---

மறுநாள் மத்தியானம் மூன்று பேரும் மாடி ஏறினார்கள். சடகோபன் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் ஒரு அம்மாள் துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மணவாளன் காலை நீட்ட வேண்டும் என்பதற்காக எழுந்து இடம் கொடுத்தாள்.

"நீங்க உக்காருங்கம்மா, அவரு நீட்டிகினா பெஞ்சே பத்தாது," என்றாள் புஷ்பலதா. "உங்களுக்கும் இங்கேருந்து வரணுமா?"

"ஆங். வரவேண்டியது வந்தபாடில்ல," என்று அந்த அம்மாள் கதவைப் பார்த்தாள். "போன்ல புடிச்சா விட மாட்டாரு."

"எங்களுதைக் கேளுங்க," என்று புஷ்பலதா ஆரம்பித்தாள். உருளை விழுந்ததிலிருந்து, தணிகைமணி சிரிக்கச் சொன்னது வரை சொன்னாள். அந்தச் சாமி விஷயத்துக்கு வருவதற்குள் உள்ளே மணி அடித்தது. அதற்குள்ளேயே அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நடக்க முடியாத மனுசனை இப்படிப் படியேத்தி எறக்கறாங்களே. இவங்களுக்கெல்லாம் வீட்டுல கேக்க ஆளு இல்லியா?" என்றாள்.

உள்ளே சடகோபன் ஃபைலைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். "மேலிடத்துக்கு அனுப்பறேன். இனிமே திறக்க முடியாது," என்றார்.

"சார், ஒரே ஒரு வார்த்தை," என்றான் நாகராஜன். "அன்னிக்கி நான் சொன்னது பொய். அந்தக் காவடியை எடுத்தது பாவாவும் இல்ல, நானும் இல்ல..."

"போதும்." சடகோபன் கையை உயர்த்தினார். "மொதல்ல மச்சான்னீங்க. மச்சான் வந்து பாவான்னாரு. இப்ப ரெண்டு பேரும் இல்லைன்றீங்க. நாளைக்கு முருகனே வந்து எடுத்தாருன்னு சொல்லுவீங்க."

"கிட்டத்தட்ட அப்படித்தான் சார்," என்றார் மணவாளன்.

சடகோபன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நனைந்த சட்டையையும், நாற்காலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலையும் பார்த்தார். மனிதர் கெட்டவர் இல்லை. முதுகை நெளித்துத் தலையணையைச் சரிசெய்துகொண்டார். கயிற்றை அவிழ்த்து, பழைய போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார்.

"கடைசியா ஒரு வழி சொல்றேன். உங்க சொந்தம் இல்லாத ஆளு, உங்களால எந்த ஆதாயமும் இல்லாத ஆளு ஒருத்தரு, இது இன்னாரு முதுகுன்னு என் எதிர்ல சொல்லட்டும். இன்னிக்கே பாஸ் பண்ணிக் கையெழுத்துப் போடறேன். ஆனா அப்படி ஒருத்தரு கெடைக்கப் போறதில்ல."

மணவாளனுக்குப் புரிந்தது. அடிவாரத்தில் அன்று இருந்த கூட்டம் கண்ணுக்கு முன் வந்தது. எல்லாம் மொட்டை, எல்லாம் சந்தனம். அவர் எழுந்துகொள்ள நாற்காலிக் கையைப் பிடித்தார்.

புஷ்பலதா விடவில்லை. கதவைத் திறந்து, வெளியே பெஞ்சில் இருந்த அம்மாளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள்.

"இந்தாங்க சார். இந்த அம்மா பேரு கூட எனக்குத் தெரியாது. எங்க சாதிசனம் இல்ல, எங்க தெரு இல்ல. இப்பத்தான் பெஞ்சில பாத்தேன். பக்கத்துல இவரு முதுகையும் வெச்சுக் காட்டறேன், ரெண்டும் ஒண்ணா வேறயான்னு இவங்களே சொல்லட்டும்."

சடகோபன் பாதி எழுந்துவிட்டார். "இல்லம்மா, இவங்க வந்து..."

"நீங்க பேசாதீங்க சார். சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும்," என்றாள் புஷ்பலதா. "ஏங்க, சட்டையைக் கழட்டுங்க."

மணவாளன் ஒன்றும் புரியாமல் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். அந்த அம்மாள் துணிப்பையை மேசைமேல் வைத்தாள். உள்ளே டிபன் கேரியர் கிணுங்கியது. போட்டோவை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு தரம்தான் பார்த்தாள்.

"சட்டையெல்லாம் வாணாம், போட்டுக்கோங்கண்ணா," என்று சொல்லிவிட்டு, போட்டோவை ஆபீசர் பக்கமாகத் திருப்பினாள். "உங்க முதுகு உங்களுக்கே தெரியலையாங்க? ஆடிக் கிருத்திகை அன்னிக்கிக் காலையில அவசரத்துல நான் கோணலா ஒட்டிவுட்ட பிளாஸ்திரி, அப்படியே இருக்குது பாருங்க."